வாசகர் கேள்வி – பதில்: பாயில் தொடங்கும் பிலாட்டிஸ்

சென்ற இதழில் நாரி நோவைப் பற்றிய பதிலொன்றில், நோவு தணிந்த பின்னர் செய்யத்தக்க பயிற்சிகளுள், மூச்சோடு சேர்த்து உடலைக் கட்டுப்பாட்டோடு அசைக்கும் பிலாட்டிஸ் என்ற முறையும் ஒன்று என ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து சென்றிருந்தேன். இம்மாதம் வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை அந்த ஒரு வரியை விளக்கச் சொல்லியே வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 44 வயது. அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன்; நாள் முழுவதும் கதிரையில்தான். கனடாவில் இருக்கும் தங்கை ஓர் இயந்திரத்தின் மேல் படுத்துப் பிலாட்டிஸ் செய்யும் காணொளிகளை அனுப்பி, என்னையும் செய்யச் சொல்கிறாள். அந்த இயந்திரம் இல்லாமல் தொடங்க முடியுமா? முடியுமென்றால், எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, கொக்குவில்

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். உங்கள் தங்கை படுத்திருக்கும் இயந்திரத்துக்கு ரிஃபோமர் என்று பெயர். முன்னும் பின்னும் ஓடும் ஒரு பலகையும் அதை இழுத்துப் பிடிக்கும் வில்சுருள்களும் கொண்ட அது, வீட்டு மண்டபத்தில் ஒரு கட்டிலின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆனால் இந்தப் பயிற்சி முறையை உருவாக்கியவரே 1945 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கிய 34 பயிற்சிகளும் தரையில் செய்பவைதான்.

பிலாட்டிஸ் என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஜோசப் பிலாட்டிஸ் 1883 இல் ஜேர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். சிறுவயதில் தொய்வு நோயாலும் எலும்பை மெலிவிக்கும் ரிக்கெட்ஸ் நோயாலும் வருந்தியவர் என்பார்கள். முதலாம் உலகப் போர் தொடங்கியபோது இங்கிலாந்தில் இருந்த காரணத்தால் எதிரி நாட்டவராகத் தடுத்து வைக்கப்பட்டு, ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவின் முகாமொன்றில் ஆண்டுக் கணக்கில் அடைபட்டிருந்தார். அங்கே எழுந்து நடமாட இயலாத நோயாளிகளின் கட்டில்களில் வில்சுருள்களைப் பூட்டி, படுத்தபடியே அவர்களைப் பயிற்சி செய்ய வைத்தார் என்றொரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. ரிஃபோமரின் பிறப்பை அந்தக் கட்டில்களோடுதான் இணைப்பார்கள். 1926 இல் நியூயோர்க் சென்று, பின்னர் மனைவி கிளாராவோடு பயிற்சிக்கூடம் நடத்தினார். காயம்பட்ட நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் தம் முறைக்கு வைத்த பெயர் கொன்ட்ரோலொஜி, அதாவது கட்டுப்பாட்டுக் கலை. தொடங்குபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டியது அந்தப் பழைய பெயரைத்தான். எத்தனை முறை செய்தோம் என்பதை விட, ஒவ்வொரு அசைவும் நம் கட்டுப்பாட்டில் இருந்ததா என்பதே இங்கே கணக்கு.

கட்டுப்பாடு போய்விட்டதைக் காட்டிக்கொடுப்பது மூச்சு. அசைவு கடினமாகும்போது நாம் அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். நானும் முதன்முதலாகப் பழகியபோது முகம் சிவக்க மூச்சை அடக்கிக்கொண்டு, மிகத் திறமாகச் செய்கிறேன் என்று எண்ணியிருந்தவன்தான். ஆகவே முதல் வாரம் முழுவதையும் மூச்சுக்கே கொடுங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, பாதங்களை இடுப்பின் அகலத்துக்குத் தரையில் ஊன்றி, இரு கைகளையும் விலாவின் பக்கங்களில் வையுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிந்து கைகளைத் தள்ள வேண்டும். பின்னர், சூடான தேநீரை ஊதி ஆற்றுவது போல வாயால் மெதுவாக வெளியே விடுங்கள். அப்போது, இறுக்கமான பாவாடை நாடாவைக் கட்டும் வேளையில் அடிவயிறு உள்ளே போவது போல, தொப்புளுக்குக் கீழுள்ள பகுதி மெல்ல உட்செல்ல வேண்டும். சிறுநீரை அடக்கும்போது இறுகும் தசைகளையும் அதே நேரத்தில் சற்றே மேலே இழுக்க வேண்டும். முழுப் பலத்தில் மூன்றிலொரு பங்கு போதும். வயிற்றின் மிக உள்ளே, இடுப்புப் பட்டி போல உடலைச் சுற்றி ஓடும் ஒரு தசை இருக்கிறது. நாம் எழுப்ப முயல்வது அதைத்தான். வயிற்றைக் கல்லாக இறுக்கினால் வெளித்தசைகள் முந்திக்கொள்ள, அது உறங்கிவிடும்.

அடுத்தது நாரியின் நிலை. படுத்த நிலையில் இடுப்பை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். தொப்புளுக்குக் கீழே ஒரு தேநீர்க் கோப்பையை வைத்தால் அது சிந்தாமல் நிற்கும் நிலை அது. நாரிக்கும் தரைக்கும் இடையே ஓர் உள்ளங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். கீழே சொல்லும் பயிற்சிகளில் கால் அசையும்போது அந்தக் கோப்பை ஆடக் கூடாது.

இரண்டாம் வாரத்தில் அசைவுகளைச் சேர்க்கலாம். முதலாவது, மூச்சை விட்டபடி இடுப்பை உயர்த்துவது. பிட்டத்திலிருந்து தொடங்கி முள்ளந்தண்டின் ஒவ்வோர் எலும்பாகத் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும், இறங்கும்போதும் மேலிருந்து ஒவ்வொன்றாகவே தரையைத் தொட வேண்டும். இரண்டாவது, மடித்த காலொன்றை மூச்சு விடும்போது மேசையின் உயரத்துக்குத் தூக்கி, திரும்பவும் நுனிவிரலால் தரையைத் தொடுவது. எளிதாகத் தோன்றும், கோப்பை ஆடாமல் செய்து பார்த்தால்தான் அதன் கடினம் தெரியும். மூன்றாவது, முழங்கால்களையும் கைகளையும் ஊன்றி நின்று, பூனை சோம்பல் முறிப்பது போல முதுகை வளைப்பதும் இறக்குவதும். நான்காவது, ஒருக்களித்துப் படுத்து மேற்காலை இடுப்பின் உயரத்துக்கு மட்டும் தூக்கி இறக்குவது. ஒவ்வொன்றையும் ஐந்து முதல் எட்டுத் தடவை செய்தால் போதும். பதினைந்து நிமிடங்கள், வாரத்தில் மூன்று நாட்கள்.

காணொளிகளில் எல்லோரும் முதலில் செய்து காட்டும் ‘நூறு’ என்ற பயிற்சியை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம். தலையையும் தோளையும் தூக்கிப் பிடித்து, கைகளைத் தரைக்குச் சற்று மேலே அடித்தபடி, ஐந்து அடிக்கு மூச்சை இழுத்து ஐந்து அடிக்கு விட்டு, பத்துச் சுற்றில் நூறு அடி அடிப்பது அது. வயிறு தயாராகுமுன் இதைச் செய்தால் கழுத்துத்தான் சுமையைத் தாங்கும். நான்கு வாரங்களின் பின், பாதங்கள் தரையிலேயே இருக்க, முதலில் முப்பது அடியோடு நிறுத்திப் பழகுங்கள். கழுத்து நொந்தால் தலையைத் தரையில் வைத்துவிட்டுக் கையை மட்டும் அடியுங்கள்.

பாயைப் பற்றியும் ஒரு சொல். நம் பனையோலைப் பாய் மாபிள் தரையில் வழுக்கும். முதுகெலும்புக்கு மென்மையும் தராது. இறப்பர்ப் பாய் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், வழுக்காத சீமெந்துத் தரையில் தடித்த பருத்திப் போர்வையை நான்காக மடித்து விரித்துக்கொள்ளலாம். மெத்தையில் செய்வது மட்டும் கூடாது. உடல் அமிழ்ந்து போவதால் நாரி எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

கேள்வி: எனக்கு 27 வயது, ஜிம்முக்குப் போகிறவன். பிலாட்டிஸ் பழகப் போகிறேன் என்றதும் அது பெண்களின் பயிற்சி என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். இதனால் வண்டி குறையுமா?
– வாசகர், உரும்பிராய்

பதில்: இதை உருவாக்கியவர் குத்துச்சண்டையும் ஜிம்னாஸ்டிக்கும் பழகியவர், தடுப்பு முகாமில் அவரிடம் பயின்றவர்களும் ஆண்களே. சிரிக்கும் நண்பர்களைத் தரையில் மல்லாந்து படுக்கச் சொல்லி, கால்களை நீட்டி, கையை ஊன்றாமலும் உந்தாமலும், முள்ளந்தண்டின் ஒவ்வோர் எலும்பாக உருட்டி மெல்ல எழுந்திருக்கச் சொல்லுங்கள். பாரம் தூக்கும் பலருக்கு அது பாதி வழியில் நின்றுவிடும்.

வண்டியைப் பொறுத்தவரை உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. எந்தப் பகுதிக்குப் பயிற்சி கொடுக்கிறோமோ அந்தப் பகுதியின் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. தொடக்கநிலைப் பிலாட்டிஸில் செலவாகும் சக்தியும் வேக நடையில் செலவாவதை விடக் குறைவே. வயிற்றுத் தசை உறுதியாகி நிமிர்ந்து நிற்கப் பழகுவதால் வயிறு சற்று உள்ளே போனது போலத் தெரியலாம். எடை குறைவது சாப்பாட்டிலும் நடையிலும் சைக்கிளிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பையும், அதோடு இரண்டு நாட்களாவது தசைகளை வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. பிலாட்டிஸ் அந்த இரண்டாவது பகுதியில் சேரும். மாலையில் கடையில் நின்று இரண்டு றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து பாயில் படுப்பதால் பயனில்லை என்பதை நீங்களும் அறிவீர்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாக யோகாசனம் செய்து வருகிறேன். இது அதே சரக்கு, வேறு பெயர் என்பது என் எண்ணம். சரிதானா?
– ஓய்வுபெற்ற கிராம அலுவலர், நல்லூர்

பதில்: உறவு இருக்கிறது, ஒன்றல்ல. ஆசனத்தில் ஒரு நிலைக்குச் சென்று அதில் இருக்கிறோம். பிலாட்டிஸில் பெரும்பாலும் எந்த நிலையிலும் தங்குவதில்லை, மூச்சின் ஓட்டத்தோடு அசைந்துகொண்டே இருக்கிறோம். யோகப் பயிற்சியில் வயிறு எழுந்து தாழ மூச்செடுக்கப் பழகியிருப்பீர்கள். இங்கே அடிவயிற்றை உள்ளே பிடித்தபடியே மூச்செடுக்க வேண்டியிருப்பதால் அது விலாவுக்கு மாறுகிறது. பழகியவருக்கு இந்த மாற்றம்தான் முதலில் குழப்பம் தரும். உங்களுக்கு ஆசனம் ஒத்துவருகிறதென்றால் அதை விட்டுவிட்டு இதற்கு வரவேண்டிய அவசியம் எதையும் நான் காணவில்லை.

கேள்வி: 52 வயது. வெங்காயத் தோட்டம் செய்கிறோம். களை பிடுங்கி நிமிரும்போது நாரி பிடித்துக்கொள்கிறது. சில நாட்களில் காலையில் எழுந்து குனியவே முடிவதில்லை. பிலாட்டிஸ் செய்தால் மாறுமா?
– வாசகி, அச்சுவேலி

பதில்: முதலில் சில விடயங்களை விலக்கிக்கொள்ள வேண்டும். நோ முழங்காலைக் கடந்து பாதம்வரை இறங்குவது, காலில் விறைப்போ பலக்குறைவோ இருப்பது, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்திருப்பது, படுத்தாலும் தணியாமல் இரவில் எழுப்புவது, விழுந்தபின் தொடங்கிய நோ ஆகியவற்றுள் ஏதாவது இருந்தால் பயிற்சியைப் பற்றி யோசிக்குமுன் வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர் அல்லது மலம் போவதில் கட்டுப்பாடு குறைந்தாலோ, இரு கால்களுக்கும் இடைப்பட்ட பகுதி மரத்துப் போனாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லாத, நாட்பட்ட சாதாரண நாரி நோவுக்குப் பிலாட்டிஸ் எவ்வளவு உதவும்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2015 இல் வெளியிட்ட மீளாய்வு, ஒன்றும் செய்யாதிருப்பதை விட இது நோவைக் குறைக்கக்கூடும் என்றது. ஆனால் ஏனைய உடற்பயிற்சிகளை விட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் சொன்னது. என் அனுபவமும் அதையே சொல்கிறது. ஒருவர் விடாமல் செய்யும் பயிற்சியே அவருக்கு நல்ல பயிற்சி.

உங்களுக்கென்று ஒரு மாற்றம் சொல்வேன். பிலாட்டிஸின் பிரபலமான பயிற்சிகளில் பல முன்னால் வளைபவை. தோட்டத்தில் நாள் முழுவதும் முன்னால் வளைந்து நிற்கும் உங்களுக்கு அதையே பாயிலும் செய்யத் தேவையில்லை. குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, நெஞ்சை மெல்ல உயர்த்தி நான்கைந்து மூச்சுக்கு இருங்கள். மேலே கொக்குவில் வாசகிக்குச் சொன்ன இடுப்பை உயர்த்தும் பயிற்சியையும் பூனை அசைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருப்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிவது அவற்றுக்கு அதிக அழுத்தம் தரும். விடியற்காலையிலேயே தோட்டத்தில் இறங்க வேண்டியிருந்தால், முதலில் நீர் பாய்ச்சும் வேலையைப் பார்த்துவிட்டுக் களையைப் பிறகு பிடுங்கலாம். தண்ணீர் வாளியையோ வெங்காயக் கடகத்தையோ தூக்கும் கணத்தில் மூச்சை வெளியே விட்டு அடிவயிற்றை உள்ளே எடுங்கள். பாயில் பழகியது தோட்டத்துக்கு வருவது அப்படித்தான்.

கேள்வி: சாப்பிட்டு எவ்வளவு நேரத்தின் பின் செய்யலாம்? சப்பாத்து அணிய வேண்டுமா?
– மாணவி, சுன்னாகம்

பதில்: சோறு சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் விடுங்கள். வெறுங்கால் போதும்.

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று மாதங்கள்; சத்திரசிகிச்சைப் பிரசவம். அம்மா நாள்தோறும் துணியால் வயிறு கட்டிவிடுகிறார். வயிறு இன்னும் தளர்ந்தே இருக்கிறது, தும்மும்போது சிறுநீரும் கசிகிறது. பிலாட்டிஸ் தொடங்கலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரமளவில் நடக்கும் பரிசோதனையில் காயம் நன்றாக ஆறிவிட்டது என்று வைத்தியர் சொல்லியிருந்தால் தொடங்கலாம். ஆனால் ஒரு சோதனையை நீங்களே செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை நெடுக்கு வாட்டில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் சற்றுத் தூக்குங்கள். நடுவில் இரண்டு விரல்களுக்கு மேல் புதையும் பள்ளம் இருந்தாலோ, வயிற்றின் நடுப்பகுதி கூரை முகடு போல் எழும்பினாலோ, கருவுற்ற காலத்தில் விலகிய வயிற்றுத் தசைகள் இன்னும் நெருங்கி வரவில்லை என்று பொருள். அந்த நிலையில் தலையையும் தோளையும் தூக்கும் பயிற்சிகள் எதையும் செய்யாதீர்கள்; மூச்சு, இடுப்பை உயர்த்துதல், ஒரு காலை மட்டும் அசைத்தல் ஆகியவற்றோடு நில்லுங்கள்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். வயிறு கட்டுவது அசையும்போது ஒரு தாங்குதலைத் தரும். ஆனால் துணி செய்யும் வேலையைத் தசை பழகிக்கொள்ள வேண்டுமென்றால், நாளில் சில நிமிடங்களாவது துணியை அவிழ்த்துவிட்டு மூச்சுப் பயிற்சியைச் செய்ய வேண்டும். கசிவுக்கு, சிறுநீரை அடக்கும் தசைகளை மூச்சு விடும்போது உயர்த்தி, மூச்சு எடுக்கும்போது முழுமையாகத் தளர விடுங்கள். தளர விடுவதையும் பழக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னும் மூன்று மாதங்களில் கசிவு குறையாவிட்டால், பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று யாராவது சொல்வதைக் கேட்டு இருந்துவிடாமல் இயன்மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்.

கேள்வி: 69 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதாகச் சொல்லி மருந்து தந்திருக்கிறார்கள். குருதி அமுக்கத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன். தரையில் இருந்தால் எழும்ப ஆள் வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?
– வாசகி, நெல்லியடி

பதில்: இருக்கிறது, அம்மா. ஆனால் உங்களுக்கு எதைச் செய்யக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை முன்னால் உருட்டி வளைக்கும் அசைவுகளையும், பந்து போல் சுருண்டு முதுகில் உருளும் பயிற்சியையும், வளைந்த நிலையில் உடலை வேகமாகத் திருப்புவதையும் தவிர்க்க வேண்டும். மெலிந்த முள்ளந்தண்டு எலும்பு முன்பக்கமாக நசுங்கக்கூடும். காணொளிகளில் வரும் பயிற்சிகளில் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. ஆகவே பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டுவதை அப்படியே பின்பற்ற வேண்டாம். குருதி அமுக்கம் உள்ளவர்கள் மூச்சை அடக்கினால் அது சட்டென்று உயரும் என்பதால், செய்யும்போது வாய்விட்டு எண்ணுங்கள். வகுப்பறையில் எண்ணிப் பழகிய குரல்தானே. எண்ணிக்கொண்டிருப்பவரால் மூச்சை அடக்க முடியாது.

தரைக்கு இறங்கத் தேவையில்லை. கைபிடியற்ற மரக் கதிரையொன்றைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், அது மாபிளில் நகரும். கதிரையின் முன்பகுதியில் அமர்ந்து, உச்சந்தலையை யாரோ நூல் கட்டி மேலே இழுப்பது போல நிமிருங்கள். மூச்சு விடும்போது அடிவயிற்றை உள்ளே எடுத்து, ஒரு பாதத்தைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி இறக்குங்கள்; உடல் மறுபக்கம் சாயக் கூடாது. அடுத்து, கைகளை ஊன்றாமல் எழுந்து நின்று, மூன்று எண்ணுவதற்குள் அல்ல, ஐந்து எண்ணும்வரை மெதுவாக அமருங்கள். தொடையும் பிட்டமும் உறுதியாவதற்கு இதைவிட நல்ல பயிற்சி உங்களுக்கு இல்லை. முடியாவிட்டால், கதிரையில் ஒரு தடித்த தலையணையை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். பின்னர் சுவரில் கைகளை ஊன்றிக் குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள். கடைசியாக, சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தோள்களையும் தலையின் பின்புறத்தையும் சுவரில் பதிக்க முயலுங்கள். கூனலுக்கு எதிரான பயிற்சி அது. தலை சுற்றினாலோ நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டாலோ உடனே நிறுத்த வேண்டும். மாதாந்தக் கிளினிக்கில் வைத்தியரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ‘பிலாட்டிஸ் வகுப்பு’ என்று விளம்பரங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. நல்ல பயிற்றுநரை எப்படி இனங்காண்பது?
– வாசகர், மானிப்பாய்

பதில்: இந்தப் பெயரை வணிகக் குறியாக உரிமை கோர முயன்ற வழக்கொன்றில், 2000 ஆம் ஆண்டு நியூயோர்க்கிலுள்ள நீதிமன்றம், யோகா, கராத்தே என்பன போலப் பிலாட்டிஸும் பொதுப்பெயரே எனத் தீர்ப்பளித்தது. அதனால் யாரும் இந்தப் பெயரில் பலகை மாட்டலாம்; பலகையை நம்ப முடியாததும் அதனால்தான். எங்கே, எவ்வளவு காலம் பயின்றீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். முதல் நாளிலேயே உங்கள் நோய்களையும் சத்திரசிகிச்சைகளையும் பற்றி விசாரிக்காமல் பாயை விரிக்கச் சொல்பவரிடம் மறுநாள் போகாதீர்கள். தாம் செய்து காட்டிக்கொண்டே இருப்பவரை விட, எழுந்து நடந்து உங்களைப் பார்ப்பவர் நல்லவர். ஒரே வகுப்பில் முப்பது பேர் என்றால், அவர் யாரையும் பார்க்கவில்லை.

பயிற்றுநர் கிடைக்காவிட்டால் கைத்தொலைபேசியையே கண்ணாக வைத்துக்கொள்ளலாம். பாயின் பக்கவாட்டில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அதைச் சாத்தி வைத்து, நீங்கள் செய்வதைப் படம்பிடித்துப் பாருங்கள். தலையைத் தூக்கும் கணத்தில் வயிறு தட்டையாகவோ உள்ளே சென்றோ இருக்க வேண்டும். அது மேலே புடைத்து எழும்பினால், அல்லது உங்கள் முகத்தில் மூச்சடக்கிய இறுக்கம் தெரிந்தால், தலையைக் கீழே வைத்துவிட்டு முதல் வாரத்துப் பயிற்சியைத் திரும்பச் செய்யுங்கள்.